ஈறு காத்த வள்ளல்

மறைமலை நகர் தொழிற்பேட்டைக்கு ஆள் அனுப்பும் எங்கள் கான்ட்ராக்டருக்கு இன்னும் ஒரு பாராட்டு விழா எடுக்கவில்லையே என்று மனசு உறுத்துகிறது. பையன்களின் பல் ஈறு மீது அவர் வைத்திருக்கும் அக்கறை, பெற்ற தாய்க்கும் வராது.

ஒரு வாரம் காலை ஆறு மணி ஷிஃப்ட், மறு வாரம் மதியம் இரண்டு, அதற்கடுத்து இரவு பத்து. யாருக்கும் அலுப்புத் தட்டக் கூடாதாம். (தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயர் தாங்கிய ஊரில், ஷிஃப்ட், ஓ.டி., கான்ட்ராக்ட் என்ற மூன்று சொல்லில் ஒரு வாழ்க்கையே முடிந்துவிடுகிறது. வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றியவர், இவற்றை மட்டும் விட்டிருப்பாரா?)

ஈறு விஷயத்தில் தமிழனுக்குப் பழைய பெருமை உண்டு. ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரரின் குழு, 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் 480 பேரின் வாயைப் பார்க்கத் தொடங்கியது. பிரஷ் பிடித்தறியாதவர்கள், பல் டாக்டரைக் கண்டறியாதவர்கள். பதினைந்து ஆண்டு, ஈறு விட்டுக்கொடுத்ததை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து 1986-இல் எழுதினார்கள்: 8 சதவீதத்தினருக்கு வேகமாக, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு சரி. வாயில் படிந்த அழுக்கோ எல்லாருக்கும் ஒன்றுதான். அப்படியானால் அழுக்கு பாதை போடும், எவ்வளவு தூரம் போவது என்பதை உடம்பு முடிவு செய்யும்.

அந்த உடம்பைத்தான் கான்ட்ராக்டர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தூக்கம் கெட்டு, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற யோசனையும் சேர்ந்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், எதிர்ப்புச் சக்தி தடுமாறும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். பெரும்பாலும் வலிக்காது. லீவு கேட்க வைக்காத நோயாகப் பார்த்து எடுத்திருக்கிறார், மனுஷர்!

கொய்யாவைக் கடித்தால் வெள்ளைச் சதையில் சிவப்பாய் ஒரு கோடு விழும். அந்த அபசகுனத்துக்கும் பெட்டிக்கடையில் பரிகாரம் உண்டு. நைட் ஷிஃப்டில் கண் சொக்காமலிருக்கப் பிடிக்கிற சிகரெட், ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், கசிவு குறையும். உள்ளே நோய் முற்ற முற்ற, வெளியே கொய்யா வெள்ளைவெளேர்.

இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் பொத்தேரியில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. போகாதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னைக்கு வேலையும் வேணாம், கூலியும் வேணாம், பொறுமையாப் போய்ட்டு வா" என்பார்.

போன மாதம் கேட் வாசலில் நின்று ஆளுக்கொரு பேஸ்ட் டியூப் கொடுத்தார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: காலை எழுந்ததும், இரவு படுக்கும் முன்பும் பல் துலக்கவும். நைட் முடித்து வந்த பையன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, இப்பப் போய்த்தான் படுக்கப்போறேன். இது எனக்குக் காலையா, ராத்திரியா?"

வள்ளல் வாய்விட்டுச் சிரித்தார். இன்னொரு டியூபை எடுத்து அவன் சட்டைப்பையில் செருகினார்.