துருவமான் வெள்ளாடான வரலாறு

ஆராய்ச்சிக்கு அருகதையுள்ள விஷயங்களை எல்லாம் எனக்கு முன் பிறந்த பண்டிதர்கள் ஒன்று விடாமல் ஆராய்ந்து முடித்துவிட்டபடியால், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையில் கண்டதையும் கேட்டதையும் கொண்டே காலட்சேபம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை முதலில் விண்ணப்பித்துக்கொள்கிறேன். எடுத்துக்கொண்ட பிரச்சினை இதுதான்: சென்ற டிசம்பரில், தீர்த்தமலை அடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில், நான்கு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், நான்கு ஸ்திரீகள் கூடி, தத்தம் குழந்தைகளின் கிறிஸ்துமஸுக்காக ஃபெல்ட் துணியில் ஒன்பது துருவமான்களை வெட்டத் தொடங்கினார்கள், முடிவில் ஒன்பது வெள்ளாடுகள் இருந்தன. ஒரு மானும் தப்பவில்லை. இது எப்படி நேர்ந்தது?

நால்வரில் ஒருவர் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து உத்தியோக நிமித்தம் இங்கே வந்து சேர்ந்த நர்ஸ் அம்மாள். கிறிஸ்துமஸ் வாஸ்தவத்தில் அவர் வீட்டுப் பண்டிகை. மற்ற மூவர் என் மருமகள், எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, தினமும் அரூருக்குப் பஸ் ஏறிப் போய்வரும் ஒரு டீச்சர். எங்கள் ஜில்லாவுக்குக் கிறிஸ்துமஸ் புதிதன்று. கோவிலூரில் பழமையான கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டு, 1997-இல் தர்மபுரிக்கென்று தனி மறைமாவட்டமே ஏற்பட்டுவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் ஸ்டார் தொங்கும் வீடு ஒன்றே ஒன்று. அந்த ஒரு வீட்டு வாசலில் தெருப் பிள்ளைகள் ஏழு பேரும் நின்று அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு மனம் பொறுக்காத நர்ஸ் அம்மாள், ஏழு வீட்டு ஜன்னலிலும் ஏதாவது தொங்க வேண்டும் என்று தீர்மானித்ததே இந்தக் கைத்தொழிலின் மூலகாரணம்.

இனி, மூலப்பொருள். ஃபெல்ட் என்பதற்குத் தமிழில் தனிச்சொல் இல்லை என்று டீச்சர் குறைப்பட்டுக்கொண்டார். நான் மறுத்தேன். துணிக்கப்படுவதால் துணி, அறுக்கப்படுவதால் அறுவை. நம் முன்னோர் துணிக்குப் பெயர் வைத்தபோது கத்தரியை நினைத்தார்களே தவிர, தறியை நினைக்கவில்லை. சங்கப் புலவர் ஒருவர் பெயரே அறுவை வாணிகன் இளவேட்டனார். ஆகவே தறியே காணாத ஃபெல்ட்டுக்கு, மற்ற எந்தத் துணியைக் காட்டிலும், இந்தச் சொல் பாந்தமாகப் பொருந்தும் என்று நான் கால்மணி நேரம் விளக்கியதைக் கேட்ட தையல்கார அக்கா, "சார் சொல்றது சரிதான், அறுவைதான்" என்றார். சொல் இரு பொருளிலும் இன்றும் வழக்கில் இருக்கிறது என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை.

தறி காணாத துணி என்றேன். ஆட்டு மயிரின் ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் வெம்மையும் சோப்பும் சேர்த்துத் தேய்க்கத் தேய்க்க அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பிறகு பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாதபடி இறுகிவிடுகின்றன. ஊடும் இல்லை, பாவும் இல்லை. ஆகையால் எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். பேசிக்கொண்டே வெட்டுகிறவர்களுக்கு இதைவிட உத்தமமான துணி உலகில் இல்லை. எங்கள் சுற்றுவட்டாரத்துக் குறும்பர்கள் நெய்யும் கம்பளியோ ஊடும் பாவும் உள்ள முறையான நெசவு. இந்தப் பக்கத்துக்குப் பேர்பெற்ற மேச்சேரி ஆட்டுக்கோ கத்தரிக்கத்தக்க மயிரே கிடையாது, அதன் கீர்த்தி எல்லாம் தோலில். ஆகவே அசல் ஃபெல்ட்டுக்கு இந்தச் சீமையில் ஆதாரமே இல்லை. அரூர் ஃபேன்ஸி ஸ்டோரில் தாளளவு துண்டுகளாக விற்பது பாலியெஸ்டர் இழையை முள் வைத்த ஊசிகளால் ஆயிரக்கணக்கான முறை குத்திக் குத்திச் சிக்கவைத்தது. ஆட்டுமயிர் இல்லாத ஃபெல்ட்டில் ஆடு பிறந்தது என்பதையும் வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதன் பழமையைச் சொல்லாமல் மேலே செல்வது ஆய்வு மரபாகாது. சைபீரியாவின் அல்தாய் மலைகளில், பாசிரிக் என்ற இடத்தில், பனியில் உறைந்து கெடாமல் கிடந்த புதைகுழி ஒன்றை 1949-இல் ருதென்கோ என்ற ருஷிய அறிஞர் தோண்டியபோது, ஃபெல்ட்டில் வெட்டித் தைத்து உள்ளே மான்மயிர் அடைத்த அன்னப்பறவைகள் அகப்பட்டன. வயது சுமார் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள். இன்று அவை லெனின்கிராட் என்று நான் பள்ளியில் கற்பித்துவந்ததும் இப்போது பழைய பெயருக்கே திரும்பிவிட்டதுமான நகரத்தின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெட்டு, தை, அடை, அலங்கரி என்ற நான்கு கிரியைகளும் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே முழுமை பெற்றுவிட்டன. எங்கள் திண்ணையில் அவற்றோடு கூட்டப்பட்டது பேச்சு ஒன்றுதான், அதுவும் அல்தாயில் இல்லாமல் இருந்திருக்காது.

ஆனால் என் பிரச்சினைக்கு நெருங்கிய பிரமாணம் ஜெர்மனியில் இருக்கிறது. கீங்கன் என்ற சிற்றூரில், இளம்பிள்ளை வாதத்தால் கால் விளங்காமற்போன மார்கரெட்டே ஸ்டைஃப் என்ற பெண்மணி, 1880-ஆம் ஆண்டு வாக்கில், ஊசி செருகி வைப்பதற்கென்று ஃபெல்ட்டில் குட்டி யானைகளைத் தைத்துச் சிநேகிதிகளுக்குக் கொடுக்கப்போக, அந்தச் சிநேகிதிகளின் குழந்தைகள் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு விளையாடத் தொடங்கவே, ஊசிமெத்தை பொம்மையாகி, பொம்மை வியாபாரமாகி, கரடி பொம்மைகளால் உலகப் பிரசித்தி பெற்ற ஸ்டைஃப் கம்பெனி பிறந்தது. ஃபெல்ட்டில் எதை உத்தேசித்துச் செய்தாலும் வேறொன்றாக முடியும் என்ற நியதி அன்றே வெளிப்பட்டுவிட்டது. எங்கள் திண்ணையில் அதே நியதி தலைகீழாகவும் நடந்தது: குழந்தைகளுக்கென்று தைத்த பொம்மைகளில், பேச்சு சுவாரஸ்யத்தில், கையிலிருந்த ஊசியைச் செருகிவைத்து மறந்தார்கள். நர்ஸ் அம்மாள் அதைக் கண்டு பதறி, ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் முறையை இரண்டாம் வாரம் முதல் அமுலாக்கினார். கண்ணுக்கு மணியோ பொத்தானோ வைக்கக் கூடாது, குழந்தை விழுங்கிவிடும், கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டால் போதும் என்பதும் அவருடைய சட்டமே.

துருவமான் விஷயத்துக்கு வருவோம். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை எட்டு மான்கள் இழுப்பதாக அமெரிக்காவில் ஒரு கவிதை 1823-இல் பத்திரிகையில் வெளியானது. சிவந்த மூக்குள்ள ஒன்பதாவது மான் 1939-இல் சிகாகோவின் ஒரு பெரிய அங்காடி தன் வாடிக்கையாளரின் குழந்தைகளுக்கு வழங்கிய கதைப் புத்தகத்தில் பிறந்தது. இந்தப் பிராணியைக் கலைமான் என்று எழுதும் வழக்கம் தமிழில் உண்டு. மரபு தெரிந்தவர்கள் அதை ஒப்பமாட்டார்கள். கலை ஆண், பிணை பெண். துருவமானில் மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, ஆணின் கொம்போ பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முன்பே உதிர்ந்துவிடும், பெண்ணுக்குத்தான் வசந்தம்வரை நிற்கும் என்று பிராணி சாஸ்திரிகள் சொல்வதால், டிசம்பர் 25-ஆம் தேதி கொம்போடு வண்டி இழுக்கும் மான்கள் பிணைகளாகவே இருக்க வேண்டும். இதைத் திண்ணையில் பிரஸ்தாபித்தபோது நால்வரும் கத்தரியை நிறுத்தி என்னை முதன்முறையாக மதிப்போடு பார்த்தார்கள். "சுமை இழுக்கிறது நாமதான்னு அங்கேயும் அப்படித்தானா மாமா?" என்றாள் மருமகள்.

கொம்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். துருவமானின் கொம்பு மரக்கிளை போல் பலவாகப் பிரிந்து செல்வது. கடையில் கிடைத்த ஃபெல்ட்டோ தோசைக்கு ஊற்றிய மாவுபோல் மெல்லியது. முதல் மானின் கொம்பைப் படத்தில் உள்ளபடியே ஐந்து கிளையோடு வெட்டி ஒட்டினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அது வாடிய கீரைத்தண்டு போல் இரு பக்கமும் தொங்கிவிட்டது. இரண்டாவதற்குக் கிளையை மூன்றாகக் குறைத்தார்கள், அதுவும் தலைசாய்ந்தது. மூன்றாவதற்கு, தையல்கார அக்கா ஒன்றும் பேசாமல் கிளைகளை எல்லாம் கத்தரித்துவிட்டு, இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரத்தில் நெருக்கமாகக் காஜா தையல் போட்டு, பின்பக்கம் லேசாக வளைத்து நிறுத்தினார். நின்றது. பார்த்துக்கொண்டிருந்த நான்கு வயதுப் பையன் ஒருவன், "ஐ, நம்ம ஆடு!" என்றான். பழுப்பு நிறத் துண்டு தீர்ந்து கறுப்பில் வெட்டத் தொடங்கிய நான்காவது முதல், மான் என்று வாதாடுவதற்கு யாருக்கும் துணிவில்லாமற் போயிற்று. ஆறாவதற்குத் தாடியும் வந்துவிட்டது. முதல் மூன்றும் பிறகு திருத்தப்பட்டன.

தாத்தாவுக்கும் இதே கதி. டிசம்பரில் முதலில் தீர்ந்துபோவது சிவப்பு. கடைக்காரர் கொடுத்தனுப்பியது காவி. காவி உடுத்து, வெண்தாடி வளர்த்து, குள்ளமாக, தொந்தி சரிந்து, தோளில் மூட்டை என்று உத்தேசித்ததும் கமண்டலம் என்று முடிந்ததுமான ஒன்றைத் தாங்கி நின்ற அந்த உருவத்தை, உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்த என் மனைவி பார்த்த மாத்திரத்தில், "அகத்தியரா? லட்சணமா இருக்காரே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மலைமேல் அகத்தியர் தீர்த்தம் இருக்கும் ஊரில் அப்படித் தோன்றுவது இயல்புதான். மேலும், பூமியைச் சமன் செய்ய அகத்தியர் வடக்கிலிருந்து தெற்கே வந்தார். சின்ன ஆசியாவில் மைரா நகரத்து நிக்கோலஸ் என்ற பிஷப்பையோ, பிற்காலத்தார் தாத்தாவாக்கித் தெற்கிலிருந்து வடதுருவத்துக்கே அனுப்பிவிட்டார்கள். இரு குள்ளத் தாடிக்காரர்கள் எதிரெதிர்த் திசையில் நடந்ததால்தான் பூமி இன்னும் சாயாமல் நிற்கிறது என்பது என் தாழ்ந்த அபிப்பிராயம்.

இது கைத்திறன் குறைவு என்று சொல்லும் பூர்வபட்சிகள் இருப்பார்கள். அவர்களுக்கு என் பதில் இந்த ஊரின் தலவரலாறே. இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் இங்கே சிவபூஜைக்குக் கங்கை நீர் வேண்டுமென்று அனுமனைக் காசிக்கு அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாகவே, மலையின்மேல் அம்பு எய்து அங்கேயே நீரை வரவழைத்துப் பூஜையை முடித்துவிட்டார். பிந்தி வந்த அனுமன் கோபத்தில் கலசத்தை வீசியெறிய, அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் அனுமன் தீர்த்தமாயிற்று. கங்கை வந்து சேராவிட்டால் இந்த மலையிலேயே தீர்த்தம் பிறக்கும் என்பது தீர்த்தகிரீசுவரர் சந்நிதியில் நிலைபெற்ற சம்பிரதாயம். ஊசியிலை மரம் வராததால் நர்ஸ் அம்மாள் சவுக்குக் கிளையை மண்தொட்டியில் நட்டதும், கிறிஸ்துமஸ் குடிலுக்குள் பசும்புல் வேண்டி டீச்சர் ஒரு கைப்பிடிக் கேழ்வரகை விதைத்து முளைக்கவைத்ததும் அதே சம்பிரதாயத்தில் அடங்கும். அப்படியிருக்க, வராத மானுக்காக யார் காத்திருப்பது?

ஒன்றுக்கு மட்டும் மாற்று அகப்படவில்லை. தமிழில் பனி என்றால் மார்கழி விடியலில் இலைமேல் நிற்பதும் பனி, ருஷியாவில் ஆளை மூடுவதும் பனி. வெள்ளை ஃபெல்ட்டில் மூன்று உருண்டையாகத் தைத்த பனிமனிதனைக் காட்டி, இவன் எதனால் ஆனவன் என்று குழந்தைகள் கேட்டபோது, நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நால்வரில் எவரும் அந்தப் பனியைக் கண்டதில்லை. நானும் கண்டதில்லை.

பொம்மைகளுக்குள் அடைக்க முதலில் கடைப் பஞ்சு வாங்கினார்கள். அது இரண்டே ஆட்டோடு தீர்ந்துவிட்டதால், என் மனைவி பழைய தலையணை ஒன்றைக் கிழித்து இலவம்பஞ்சு கொடுத்தாள். அகத்தியருக்குத் தொந்தி வேண்டியிருந்ததால் அவருக்குப் பெரும்பங்கு. கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் தொங்கவிட்டு, சவுக்குக் கிளையைத் திண்ணையில் நிறுத்தி, ஏழு பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்திருந்த சமயத்தில், மலையிலிருந்து வழக்கமாக இறங்கும் குரங்குகளில் ஒன்று, ஜன்னல் கம்பியில் கைவிட்டு அகத்தியரைக் கொண்டுபோய் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டது. முகர்ந்து பார்த்தது. தாடியைப் பிய்த்து வாயில் வைத்துத் துப்பியது. பிறகு தொந்தியை இரண்டு கையாலும் கிழித்தது. மலைக்காற்று வீசும் நேரம்; இலவம்பஞ்சு அப்படியே கிளம்பித் தெரு முழுவதும் பறந்து, ஓட்டின்மேலும் சைக்கிளின்மேலும் பிள்ளைகளின் தலைமேலும் மெல்ல மெல்ல இறங்கியது. ஏழு பேரும் கைகளை நீட்டிக்கொண்டு, "பனி! பனி!" என்று தெருவில் குதித்தார்கள். நர்ஸ் அம்மாள் தடுக்கவில்லை. மருமகள் துடைப்பத்தை எடுக்கப் போய்ப் பாதியில் நின்றுவிட்டாள். இரண்டு வயதுக் குழந்தை மட்டும் திண்ணையிலேயே இருந்து, தன் மடியில் வந்து விழுந்ததைச் சிரத்தையாகத் திரட்டி உருட்டி, சவுக்குக் கிளையில் தொங்கிய ஆறாவது ஆட்டின் தாடிக்கு மேலே, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஊட்டிக்கொண்டிருந்தது.