அப்பா பாலிசியில் எத்தனை நாள்?

கேள்வி: வயது 24. வேலை தேடுகிறேன். அப்பாவின் மருத்துவக் காப்பீட்டில் இன்னும் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்?
– வாசகர், தேனாம்பேட்டை

பதில்: மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்களே! முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்றால் வேலை, கல்யாணம், 25 வயது – இதில் எது முந்துகிறதோ அதுவரை. பெண் பார்க்கக் கிளம்பும் அம்மாவிடம் "காப்பீடு போயிடும்மா" என்று சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி 26 வயது வரை. தாலி கட்டினாலும் தொடரும். தனியார் குடும்ப பாலிசியில் இங்கே பெரும்பாலும் 25தான். இடைவெளி விடாமல் தனி பாலிசிக்கு மாறினால், இதுவரை கழிந்த காத்திருப்புக் காலமும் உங்கள் கணக்கில் சேரும். அப்பா வழிச் சொத்தில் தம்பி, தங்கை பங்கு கேட்காதது இது ஒன்றுதான்!