ஏர்ல போன திருப்பூர்க்காரன்

திருப்பூர்க்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் வருகிறவர் மந்திரியானாலும் மாப்பிள்ளையானாலும் முகத்தைப் பார்க்கும் முன் பனியனின் கழுத்து ரிப்பைப் பார்ப்பான். கழுத்து தொங்கியிருக்கிறதா, தோளில் டேப் வைத்திருக்கிறதா, அடிமடிப்பில் பிளாட்லாக் தையல் முறுக்கிக்கொண்டதா என்று கண் தானாக ஓடும். கொஞ்சம் பழகிவிட்டால் கையும் ஓடும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியை வைத்து ஒரு தேய்ப்பு, கனத்தைச் சொல்லிவிடுவான். “180 ஜி.எஸ்.எம். இருக்குமுங்க.” பெண் பார்க்கப் போன இடத்தில் வருங்கால மாமனாரின் தோளில் இதைச் செய்தவரை எனக்குத் தெரியும். பெண் கொடுத்துவிட்டார்கள். அவர்களும் பனியன் கம்பெனிதான்.

இந்த வியாதியோடு ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போக வேண்டும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகளும் அவள் தோழியும் பதிவு செய்திருந்த பயணம் அது. ஜோகன்னஸ்பர்க்கில் கிளம்பி, குரூகர் தேசியப் பூங்கா வழியாக எல்லை தாண்டி, மொசாம்பிக்கில் டோஃபோ என்ற கடற்கரை வரை, பல தேசத்து ஆட்களோடு ஒரே வண்டியில் போவது. முடிவில் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது. தோழிக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

“கட்டுன பணம் திரும்ப வராதுப்பா. ஆள் பேரை மட்டும் மாத்திக்கலாமாம்” என்றாள் மகள்.

பணம் திரும்ப வராது என்று கேட்ட பிறகும் வீட்டில் உட்கார்ந்திருக்க கொங்கு நாட்டில் எவனுக்கு மனசு வரும்?

அம்மாவுக்கு விஷயத்தை விளக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. வண்டி என்பது லாரி. பின்னால் சீட்டும் ஜன்னலும் வைத்து, பக்கவாட்டில் கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் அடுக்கிய லாரி. “லாரியிலயா போறீங்க? காதுகுத்தா, கெடாவெட்டா?” என்று கேட்டார். ராத்திரி கூடாரத்தில் படுக்கை, சமையலும் பாத்திரம் விளக்குவதும் முறை வைத்து நாமே செய்ய வேண்டும் என்றதும் அம்மாவின் கணக்கு ஒரே இடத்தில் வந்து நின்றது. “இதுக்கு அவங்கல்ல நமக்குக் காசு குடுக்கோணும்?” இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

விசாவுக்கு வங்கிக் கணக்கு நகல் கேட்டார்கள். ஏற்றுமதிக்காரனின் கணக்கில் பாக்கிங் கிரெடிட் கடன்தான் கொழுத்திருக்கும், கையிருப்பு எப்போதும் மெலிவு. மகளின் சம்பளக் கணக்கைக் காட்டி விசா வாங்கினோம். அடுத்தது டாக்டர். கடலில் மூழ்க உடம்பு தகுதிதானா என்று கையெழுத்துப் போட வேண்டும். பிரஷரைப் பார்த்துவிட்டு, “சரக்கைக் கடல்ல அனுப்பறதோட நிறுத்திக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டுக்கொண்டேதான் போட்டார்.

திருப்பூரில் ‘ஏர்ல போச்சு’ என்றால் துக்கம் விசாரிப்பார்கள். டையிங் தாமதமாகி, தையல் தாமதமாகி, தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க முடியாமல் சொந்தச் செலவில் சரக்கை விமானத்தில் ஏற்றியவன் அந்த வருஷ லாபத்தை மறந்துவிட வேண்டியதுதான். நான் கிளம்பிய சமயம் சரக்கெல்லாம் ஒழுங்காகக் கப்பலில் போனது. ஏர்ல போனது நான் மட்டும்தான்.

லாரியில் ஜெர்மன், டச்சு, ஆஸ்திரேலிய ஆட்கள் என்று கலவையான கூட்டம். எல்லோரும் ஒருவருக்கொருவர் பெயரும் ஊரும் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பனியன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர் ஒருவர் கடுநீலத்தில் வட்டக்கழுத்து பனியன் போட்டிருந்தார். சிங்கிள் ஜெர்சி, 160 ஜி.எஸ்.எம்., சைடு சீமில் வாஷ்கேர் லேபிள். காற்றில் லேபிள் வெளியே எட்டிப் பார்த்தது, இந்தியாவில் தயாரானது. எங்கே, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். “ஐந்து யூரோ!” என்றார், வேட்டையில் புலியை அடித்த பெருமையோடு. அது எங்கள் பக்கமிருந்து என்ன விலைக்குக் கப்பல் ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். எழுதினால் படிக்கிற பையர் யாராவது அதிலும் அஞ்சு சென்ட் குறைக்கச் சொல்லுவார்.

சமையல் முறை வந்தது. அந்தப் பக்கத்தில் முக்கியச் சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டும் களி, ‘பாப்’ என்கிறார்கள். பல்லடத்தைச் சுற்றியுள்ள பண்ணைகளில் மக்காச்சோளம் கோழிக்கு. கோழி நமக்கு. நடுவிலிருக்கும் கோழியை எடுத்துவிட்டு நேராகத் தின்பது முதலில் என்னவோ மாதிரி இருந்தது; புளிக்குழம்பு ஊற்றியிருந்தால் இன்னொரு தட்டு கேட்டிருப்பேன். எங்கள் முறையன்று மூன்று கால் இரும்புச் சட்டியில் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினோம். சின்ன வெங்காயம் கிடைக்கவில்லை, பெரிய வெங்காயத்தில்தான். நெய்யை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தோம். டச்சுக்காரர்கள் அதன்மேல் தக்காளி சாஸ் ஊற்றினார்கள். நான் திரும்பிக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு பாத்திரம். துடைக்கத் துணி கிடையாது. ஈரத்துணியில் கிருமி வளரும் என்பதால் ஆளுக்கு ரெண்டு தட்டைப் பிடித்துக்கொண்டு காயும் வரை காற்றில் ஆட்ட வேண்டும். ஊரில் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்துத் தராத நான் காட்டு நடுவில் ரெண்டு கையிலும் தட்டை வீசிக்கொண்டு நிற்பதை மகள் வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். “ஏனுங்க, அந்தத் தட்டெல்லாம் இங்கயும் இருக்குதுங்க” என்று மனைவியிடமிருந்து பதில் வந்தது.

குரூகர் 1898இல் சாபி வேட்டைக் காப்பகமாகத் தொடங்கி 1926இல் தேசியப் பூங்காவானது. சுமார் 19,500 சதுர கிலோமீட்டர். எங்கள் திருப்பூர் மாவட்டத்தைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, முகாமைத் தாண்டினால் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற ‘பெரிய ஐந்தை’யும் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் துடிப்பு. நடந்துபோய் வேட்டையாட ஆபத்தானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியலாம் அது. எங்கள் ஊரிலும் பெரிய ஐந்து உண்டு. டையிங்காரர், பிரிண்டிங்காரர், எம்ப்ராய்டரிக்காரர், தையல் காண்ட்ராக்டர், செக் போட வேண்டிய பார்ட்டி. ஐந்து பேரையும் ஒரே நாளில் நேரில் பார்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விடியற்காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், தண்ணீர் குடிக்கிற இடத்தில் மறைந்திருக்க வேண்டும், அப்போதும் உறுதியில்லை.

வரிக்குதிரையைப் பார்த்ததும்தான் எனக்கு வியாதி முற்றியது. மற்றவர்கள் கேமராவை எடுக்க, நான் சீட்டிலிருந்து எழுந்து சைடு சீமைத் தேடினேன். ஆட்டோ ஸ்ட்ரைப்பர் மெஷினில் எந்த ஃபீடரில் எந்த நூல் என்று முன்கூட்டியே எழுதிவைத்து ஓட்டினாலும் கோடு ஒரே அளவில் வருவதற்குள் நிட்டிங் மாஸ்டருக்கு வேர்த்துவிடும். பிறகு இடப்பக்கக் கோடும் வலப்பக்கக் கோடும் தையலில் நேருக்கு நேர் சேர வேண்டும். கால் அங்குலம் தப்பினால் பையரின் ஆள் பீஸைத் தனியாக எடுத்து வைப்பார். இந்தப் பிராணிக்கோ உடம்பில் நெட்டுக்கோடு, காலில் படுக்கைக்கோடு, பிட்டத்தில் அகலம், கழுத்தில் நெருக்கம். முதுகில் எப்படிச் சேர்கிறதென்று பார்த்தால், சேர்ந்திருக்கிறது! ஒரு வரிக்குதிரையின் கோடு இன்னொன்றுக்குக் கிடையாது என்று வழிகாட்டி சொன்னபோது வண்டி முழுக்க ‘ஆகா’ என்றது. ஒரு லாட்டில் ஒரு பீஸ்கூட இன்னொரு பீஸோடு ஒத்துப்போகவில்லை; இன்ஸ்பெக்‌ஷனில் மொத்தமாக ஃபெயில். ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே கதை, அதுவும் அந்தக் காவி நிறம் ஆளுக்கு ஒரு ஷேடு. சிங்கம் ஒன்றுதான் சாலிட் டையிங். அதற்கும் பிடரியில் நிறம் தூக்கலாகிவிட்டது.

“அப்பா, கொஞ்சம் வாயை மூடிட்டு வாங்க” என்றாள் மகள்.

பூங்காவின் தெற்கு எல்லையில் குரோக்கடைல் ஆறு. நீர்யானைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்தன. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. நொய்யல் ஓடிய நிறத்தைப் பார்த்து ஐரோப்பாவின் அடுத்த சீசனுக்கு எந்தக் கலர் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. அந்தச் சாயத்தண்ணீர் போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் அதற்கு முன்பும் சிரித்ததில்லை.

மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் எல்லோரும் போர்ச்சுக்கீசியர் காலத்து ரயில் நிலையத்தைப் பார்க்கப் போனார்கள். நான் ஷிபமனினே சந்தைக்குப் போக வேண்டுமென்றேன். வெள்ளைக்கார நாடுகளில் போட்டுக் கழித்த துணி பேல் பேலாக வந்து பிரிபடுகிற பெரிய சந்தை அது. தார்ப்பாய் விரிப்பில் குவியல் குவியலாகப் பனியன்கள். கையில் வந்த முதல் பனியனின் நெஞ்சில் ஏதோ அமெரிக்கக் குடும்பத்தின் ஒன்றுகூடல் விழா அச்சு. பாட்டியின் பெயர்கூடப் போட்டிருந்தார்கள். லேபிளைத் திருப்பினேன். அமெரிக்கக் கம்பெனியின் ஆர்.என். நம்பர், அதன் கீழே இந்தியா. உள்பக்கம் ஓவர்லாக் பிரியவில்லை. கழுத்து ரிப்பில் இழுவை போகவில்லை. யார் வீட்டுப் பெண் தைத்ததோ, யார் பிசிறு வெட்டியதோ, பாட்டியின் விழாவையும் பார்த்துவிட்டு இன்னும் கெட்டியாக இருந்தது. நான் அதை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பிரித்துப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், போட்டி மொத்த வியாபாரி வந்துவிட்டான் என்று விலையை ஏற்றிச் சொன்னார்.

பிறகு ராசியாகிவிட்டோம். வழிகாட்டியின் ஆள் ஒருவர் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். பேலைப் பிரிக்காமலேதான் வாங்க வேண்டும். உள்ளே நல்லதும் வரும், கிழிசலும் வரும், அவரவர் அதிர்ஷ்டம் என்றார். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தையும் செகண்ட்ஸையும் லாட்டாக எடுப்பவர் அச்சு அசலாக இதைத்தான் சொல்லுவார், பெருமூச்சு உட்பட. மொசாம்பிக்கின் வடக்கே பருத்தி நன்றாகவே விளைகிறது. அது பஞ்சாகக் கப்பலேறிப் போய்விட, ஊரார் போட்டுக் கழித்த பனியன் கப்பலில் வந்து இறங்குகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நிச்சயம் நல்ல மெர்ச்சண்டைசர்.

டோஃபோவில் படகுத்துறை கிடையாது. ரப்பர் படகை டிராக்டர் இழுத்துவந்து கரையில் விட, பணம் கட்டிய பயணிகள் இடுப்பளவு தண்ணீரில் அதைத் தள்ள வேண்டும். ‘ஏறு!’ என்று கத்தியதும் தொற்றி ஏறி, கால்பட்டையில் பாதத்தைச் செருகிக்கொள்ள வேண்டும். அடுத்த அலைக்குள் ஏறாதவன் கரையிலேயே இருந்துகொள்ளலாம்.

நீச்சல் எனக்குக் கிணற்றில் வந்தது. முதுகில் சுரைக்குடுவை கட்டி மாமா தள்ளிவிட்டார், நீந்தினேன். கிணற்றில் ஒரே சாஸ்திரம்: மூச்சை அடக்கு. இங்கே பாடம் எடுத்த பெண் முதலில் சொன்னதே மூச்சை அடக்காதே என்பதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தால் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். டையிங்காரரிடம் ஷேடு வரவில்லை என்ற போனுக்கெல்லாம் மூச்சைப் பிடித்தே பழகிய உடம்பு. விடச் சொன்னால் உடனே விடுமா? குளத்தில் நன்றாகப் பழகிய பிறகுதான் கடலுக்குக் கூட்டிப்போனார்கள், எங்களைப் போன்ற புதியவர்களுக்கு 12 மீட்டரே எல்லை.

போட்டுக்கொள்ள ரப்பர் உடுப்பு கொடுத்தார்கள். ரப்பர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் நடுவில் நுரை ரப்பர், ரெண்டு பக்கமும் ஒட்டியிருப்பது பின்னலாடைத் துணி, நைலான் ஜெர்சி. மூட்டிய தையல் பிளாட்லாக். எங்கள் ஊர்த் தையல்! குளிர்கடல் உடுப்பென்றால் தையல் ஓட்டை வழியே தண்ணீர் புகாமலிருக்கப் பசை போட்டு ஒட்டுவார்களாம். இது வெதுவெதுப்பான கடல், பிளாட்லாக்கே போதும். இதற்குப் பிறகு எனக்குக் கடலைப் பற்றிப் பயமே இல்லை.

கீழே போனோம். என் முன்னால் நீந்திய டைவிங் ஆசிரியையின் உடுப்பில் தோள் தையல் முடியும் இடத்தில் பாக்டேக் போடாமல் விட்டிருந்தார்கள். நூல் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. இப்போதே இரண்டு தையல் போட்டால் பிழைக்கும், இன்னும் நான்கு முறை இறங்கினால் கை கழன்றுவரும். வாயில் குழாய், சொல்லவும் முடியவில்லை. மேலே வந்ததும் சொன்னேன். மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“அப்பா, அந்த ஆமை உங்க தோளை ஒட்டியே போச்சு. எல்லாரும் உங்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டோம்.”

ஆமையை ஊருக்கு வரும்முன் வேறு யாராவது போட்டோவில் காட்டுவார்கள். அந்தத் தையலை யார் காட்டுவார்கள்?

திமிங்கிலச் சுறாவை மட்டும் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். அதற்கு மூழ்க வேண்டாம், படகிலிருந்து இறங்கி மேலாக நீந்தினால் போதும். மினிபஸ் அளவு மீன், தின்பது கடலில் மிதக்கும் பொடி உயிர்களை. முதுகு முழுக்க வெள்ளைப் புள்ளி. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, அதற்குப் புள்ளி அப்படி. செவுளுக்குப் பின்னால் இருக்கும் புள்ளிகளைப் படமெடுத்து, வானியல்காரர்கள் நட்சத்திரப் படங்களை ஒப்பிட வைத்திருந்த கணக்கால் ஒப்பிட்டு, ஒவ்வொரு மீனையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். டோஃபோவில் இதற்கென்றே ஆராய்ச்சிக்காரர்கள் இருக்கிறார்கள்.

நான் எந்த ஊர் என்று தெரிந்ததும் டைவிங் கடைக்காரம்மா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஊழியர்களுக்கும் கடையில் விற்கவும் 60 பனியன் வேண்டுமாம். முதுகில் திமிங்கிலச் சுறாவின் புள்ளி அச்சு. ஒரு நிறத்துக்கு டையிங்கில் எவ்வளவு கிலோ போட்டால்தான் கட்டுபடியாகும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவருக்கு நிறம் பொருட்டில்லை, கையிருப்பில் இருக்கிற துணியே போதும். ஒரு நிபந்தனைதான்: ஒவ்வொரு பனியனிலும் இந்தக் கடலில் நிஜமாகவே திரியும் வெவ்வேறு மீனின் புள்ளி இருக்க வேண்டும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்கக்கூடாது.

ஊருக்கு வந்ததும் பிரிண்டிங்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். பெரிய ஐந்தில் ஒருவர், ஆனாலும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்.

“சொல்லுங்ணா, எத்தனை பீஸு?”

“அறுபது.”

“செரி, ஆப்பிரிக்கா பார்ட்டிங்களா? பரவால்ல, சாம்பிளா வெச்சுப் போட்டுறலாம். எத்தனை டிசைனுங்ணா?”

“அறுபது.”

கொஞ்ச நேரம் மறுமுனையில் டேபிள் பிரிண்டிங் ஆட்கள் ஸ்க்ரீனைத் தூக்கி வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏனுங்ணா, அங்க வெயில் ரொம்ப ஜாஸ்திங்களா?”