கடைக்காரர் நித்திரை, பதிவு முழிப்பு

சமூக ஊடகப் பக்கங்களை மேய்க்கும் செயலிகள், அவற்றில் புதிதாக வந்த வசதிகள், புதிதாக வந்த தலையிடிகள். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவை. ஒரே மூச்சில் பதில் சொல்லி முடித்துவிடுவோம்.

கே: பேஸ்புக், இன்ஸ்டகிராம், ரிக்ரொக் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இருந்து பதிவு போடலாம் என்கிறார்கள். மாதாமாதம் காசு கட்டி வாங்கட்டுமா?
(புடவைக்கடை உரிமையாளர், காலி வீதி, வெள்ளவத்தை)

ப: முதலில் காசு கட்டாமல் தொடங்குங்கள். மெட்டா பிஸ்னஸ் சூட் இலவசம். பேஸ்புக்குக்கும் இன்ஸ்டகிராமுக்கும் பதிவுகளை நாள் குறித்து ஏற்றிவைக்கலாம், இரண்டிலும் வரும் தகவல்களை ஒரே பெட்டியில் பார்க்கலாம். ரிக்ரொக்கும் வேண்டுமென்றால் பஃபர் இருக்கிறது: இலவசத் திட்டத்தில் மூன்று கணக்குகள், கணக்குக்குப் பத்துப் பதிவுகள் வரிசையில் நிற்கலாம். 2008இல் வான்கூவரில் பிறந்த ஹூட்சூட்டும் நெடுங்காலம் ஓர் இலவசத் திட்டம் வைத்திருந்தது. 2023இல் அதை மூடிவிட்டது. இப்போது அது பெரிய கம்பனிகளுக்கு.

காசு கட்டுவதற்கு முன் ஒன்று. கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது நினைவிருக்கும். அதே செயலி, அதே பட்டன்கள். விலை மட்டும்தான் அப்டேட் ஆனது.

கே: நேர வலயத்தைத் தெரிவு செய்யச் சொல்கிறது. பட்டியலில் கொழும்பைக் காணவில்லை!
(பேக்கரி, ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தை, கொட்டாஞ்சேனை)

ப: கீழே இறங்கிப் பாருங்கள், 'ஸ்ரீ ஜயவர்தனபுர' இருக்கும். விண்டோஸ் கணினியில் நமக்கு அதுதான் பெயர். பாராளுமன்றத்தோடு மணிக்கூடும் கோட்டைக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் சென்னையைத் தொடுங்கள், இரண்டும் ஐந்தரை மணித்தியாலம்தான்.

எப்போதும் அப்படி இருக்கவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1996 மேயில் நேரத்தை ஆறரைக்குத் தள்ளினார்கள், ஒக்டோபரில் ஆறுக்கு இறக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தையைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும். அந்தக் காலத்தில் இந்தச் செயலிகள் இருந்திருந்தால் 'எந்த வலயம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே ஓர் ஆளை வேலைக்கு வைத்திருப்போம்.

கே: 'பதிவு போடச் சிறந்த நேரம்' என்று ஒரு புதிய வசதி. எங்களுக்கு அது அதிகாலை 3 மணி என்று காட்டுகிறது. பிழைத்துப் போய்விட்டதா?
(சாப்பாட்டுக்கடை, வெள்ளவத்தை)

ப: பிழை இல்லை. உங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் எப்போது முழித்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் அது சொல்கிறது. இங்கே அதிகாலை 3 மணி என்றால் ரொறன்ரோவில் கோடைகாலத்தில் முதல் நாள் மாலை 5.30. வேலை முடிந்து வீடு திரும்பும் ஸ்காபரோ சனம் உங்கள் கொத்துரொட்டிப் படத்துக்கு இதயம் போடுகிறது. போட்டுவிட்டு அங்கேயே ஒரு கடையில் கொத்து வாங்கிச் சாப்பிடுகிறது. உங்கள் கல்லாவுக்கு ஐந்து சதமும் வராது. ஆகவே அந்த ஆலோசனையை விட்டுவிட்டு, அலுவலகத்தில் வயிறு கத்தத் தொடங்கும் பதினொன்றரைக்குப் போடுங்கள்.

மேலே கேட்ட புடவைக்கடைக்காரருக்கு இதே கணக்கு தலைகீழ். அங்கே இருக்கும் மகள் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்வாள், இங்கே இருக்கும் தாய் கடைக்குப் போய் வாங்கி அனுப்புவா. அவருக்கு அதிகாலை 3 மணிதான் சுப முகூர்த்தம். கனடாவில் மார்ச்சிலும் நவம்பரிலும் மணிக்கூட்டைத் திருப்புவார்கள், அந்த வாரங்களில் அவரும் ஒரு மணித்தியாலம் மாற்ற வேண்டும். செயலிக்கு இரண்டு கடைக்கும் வித்தியாசம் தெரியாது. அதற்கு இதயம் இதயம்தான்.

கே: எக்ஸ் தளத்தையும் இணைக்கட்டுமா?
(ஓட்டோ உதிரிப்பாகக் கடை, கொட்டாஞ்சேனை)

ப: பிரேக் வயர் வாங்க எவராவது எக்ஸைத் திறந்து பார்த்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? 2023இல் எக்ஸ் வெளிச் செயலிகளுக்கு இலவசமாகத் திறந்துவைத்திருந்த கதவை மூடிக் கட்டணம் வைத்தது. அந்தச் செலவைச் சில செயலிகள் உங்கள் தலையில்தான் கட்டும். அங்கே இருப்பதும் 280 இடம். 'கொழும்பு' நமக்கு நான்கு எழுத்து, அதன் கணக்கில் எட்டு. புள்ளிக்கும் கொம்புக்கும் தனியாக அறவிடுகிறது.

கே: மூன்று வாரத்துக்குப் பதிவுகளை ஏற்றிவைத்துவிட்டேன். இடையில் அரசாங்கம் பேஸ்புக்கைத் தடை செய்தால் அவை நின்றுவிடுமா?
(வீட்டில் கேக் செய்து விற்பவர், ஜம்பட்டா வீதி)

ப: நிற்காது. இன்றைய கேள்விகளில் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான்.

தடை என்பது உள்ளூர் இணைய நிறுவனங்களிடம் 'இந்தத் தளத்துக்கு வழி விடாதே' என்று சொல்வது. உங்கள் பதிவோ ஏற்கெனவே கடல் கடந்து செயலியின் கணினியில் போய் உட்கார்ந்துவிட்டது. குறித்த நேரத்தில் அது அங்கிருந்தே பேஸ்புக்குக்குப் போகும். நீங்கள் பார்க்க முடியாது, கொட்டாஞ்சேனை வாடிக்கையாளர் பார்க்க முடியாது, பரிஸில் இருக்கும் சித்தி பார்ப்பா.

இது கற்பனைக் கதை அல்ல. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது தடை வந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கு நாளில், நள்ளிரவு கழிந்ததும் வந்தது, அன்று பிற்பகலே போனது. இரண்டுக்கும் நடுவே 2019 ஏப்ரல் 21. உங்கள் வீதியில் இருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எவ்வளவு தூரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அன்று காலை குண்டு வெடித்தது, அன்றே சமூக ஊடகங்கள் அடைபட்டன, 30ஆம் திகதி வரை திறக்கவில்லை. 'ஈஸ்டர் கேக், இன்று மட்டும் விசேட விலை, கொண்டாடுங்கள்' என்று யாராவது அன்று மத்தியானத்துக்கு ஏற்றிவைத்திருந்தால், அந்தப் பதிவு என்ன கோலத்தில் வந்து விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போட்டவருக்கு அதை அழிக்கவும் வழி இருந்திராது.

ஆகவே புதிய செயலியை இறக்கியதும் பார்க்க வேண்டியது செயற்கை நுண்ணறிவும் வண்ணப்படமும் அல்ல. வரிசை முழுவதையும் ஒரே தட்டில் நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பஃபரில் உண்டு, ஹூட்சூட்டிலும் உண்டு. இன்னொன்று: இதுவரை வந்த தடைகள் சமூகத் தளங்களைக் குறிவைத்தவை. அப்படியான நாளில் வெளிச் செயலிக்குள் வழமைபோல நுழையலாம், பதிவுகளை நிறுத்தலாம். மெட்டா பிஸ்னஸ் சூட் பேஸ்புக்கின் முகவரியிலேயே குடியிருப்பதால் அதுவும் சேர்ந்து அடைபடும். வெளிச் செயலியிலும் 'பேஸ்புக் கணக்கால் நுழைக' என்ற குறுக்குவழியை வைத்திருந்தால் அதே கதிதான். மின்னஞ்சல், கடவுச்சொல் என்று தனியாக ஒரு திறப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: முன்பு பேஸ்புக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தட்டில் விளம்பரம் அனுப்பினேன். இப்போது போகவில்லையே?
(வீடு, அனெக்ஸ் வாடகைத் தரகர், வெள்ளவத்தை)

ப: 2024 ஏப்ரலில் மெட்டா அந்த வழியை அடைத்துவிட்டது. வெளிச் செயலி எதுவும் இப்போது குழுக்களுக்குள் தானாகப் பதிவு போட முடியாது. சில செயலிகள் 'நேரமாகிவிட்டது, நீங்களே போய்ப் போடுங்கள்' என்று நினைவூட்டும். குழுவில் இருந்த மற்றவர்களையும் கொஞ்சம் நினையுங்கள்: 'கடற்கரைப் பக்கம், இரண்டு அறை, சைவக் குடும்பம் மட்டும்' என்ற அதே வரியை ஒரு நாளில் பதினாறு தடவை வாசித்தவர்களுக்கு அது விடுதலை நாள்.

கே: அச்சகம் தந்த விளம்பர வாசகத்தை அப்படியே ஒட்டினேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.
(சலூன், கொட்டாஞ்சேனை)

ப: பாமினி! நம்முடைய அச்சகங்கள் இன்னும் கைவிடாத பழைய காதல். அது தமிழ் வேடம் போட்ட ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனதும் வேடம் கலைந்துவிடும். யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றியதை ஒருமுறை வாசித்துவிட்டு ஒட்டுங்கள். கொம்பும் காலும் சில இடங்களில் கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கும்.

கே: செயற்கை நுண்ணறிவு விளம்பரம் எழுதித் தருகிறதாமே?
(அதே புடவைக்கடை உரிமையாளர்)

ப: தரும். 2023 முதல் பஃபரிலும் ஹூட்சூட்டிலும் அந்த வசதி இருக்கிறது. தமிழும் எழுதும், ஆனால் தி.நகரில் கடை வைத்திருப்பவர் மாதிரி எழுதும். அதைத் திருத்திவிடலாம். ஆபத்து வேறு இடத்தில்: நீங்கள் சொல்லாததையும் சேர்த்துவிடும். 'நாடு முழுவதும் இலவச விநியோகம்' என்று அது உற்சாகமாக முடித்துவைத்தால், பொத்துவிலில் இருந்து வரும் முதல் அழைப்புக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விலை, நிறம், கடை பூட்டும் நேரம் மூன்றையும் கொடுத்து, இரண்டு வரி மட்டும் வாங்குங்கள்.

கே: 'விலை?' என்று கேட்பவர்களுக்குத் தானாக இன்பொக்ஸில் பதில் அனுப்பும் வசதி நல்லதா?
(கைப்பை, காலணி விற்பவர், வெள்ளவத்தை)

ப: விலையைப் பதிவிலேயே போட்டுவிட்டால் அந்த வசதியே தேவைப்படாது. கடையில் விலையைக் காட்சிப்படுத்தச் சொல்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். பேஸ்புக்கில் மட்டும் எதற்கு இந்த இரகசியக் காப்புப் பிரமாணம்?

சட்டப் பேச்சு வந்ததால் ஒரு வேடிக்கை. வாடிக்கையாளர்களின் தொலைபேசி இலக்கங்களைச் சேர்த்து வைக்கிறீர்களே, அதற்கான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9ஆம் இலக்கம். போட்ட பதிவுக்காக உங்களைத் தேடி வரக்கூடிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இன் 9ஆம் இலக்கம், அந்த ஆண்டு பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூக ஊடக வியாபாரிக்கும் ஒன்பதுக்கும் ஏதோ கிரக தோஷம். 'செயலிதான் தானாகப் போட்டது' என்ற சாட்டு மூன்றிலும் எடுபடாது.

கே: இன்ஸ்டகிராமில் எங்கள் படங்களின் மேலும் கீழும் பக்கமும் ஏறுக்குமாறாக வெட்டுப்படுகின்றன.
(கல்யாணப் படப்பிடிப்பாளர், கொழும்பு 6)

ப: 2025 ஜனவரியில் பக்கத்தில் தெரியும் சதுரக் கட்டங்களை நெடுங்கட்டங்களாக மாற்றினார்கள். பழைய சதுரப் படங்களின் இரு பக்கமும் இப்போது போய்விடும். மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் நடுவில் நிறுத்துங்கள். மாமாமார் வெட்டுப்பட்டால் அது செயலியின் பொறுப்பு, உங்கள் தலை தப்பும்.

கே: வட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு அனுப்பித் தரும் செயலி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது...
(கேட்டரிங், கொட்டாஞ்சேனை)

ப: வேண்டாம். அப்படி அனுப்பும் இலக்கத்தை வட்ஸ்அப் முடக்கும், கல்யாண ஓடர்கள் எல்லாம் அந்த இலக்கத்தில்தானே வருகின்றன? முறையான பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்தவர்களுக்கே போகும். 2023இல் வந்த 'சனல்' வசதியில் எத்தனை பேரும் சேரலாம். சேர விருப்பம் உள்ளவர்கள் மட்டும். ஆயிரத்தில் எத்தனை பேர் சேருகிறார்கள் என்று பார்த்தால் உங்கள் வடையின் உண்மை நிலவரமும் தெரிந்துவிடும்.

கே: செயலி தரும் விசேட தின நாட்காட்டியை நம்பலாமா?
(இறைச்சிக்கடை, கொட்டாஞ்சேனை)

ப: அமெரிக்க டோனட் தினத்தை மறக்காமல் சொல்லும், போயாவைச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். 'இன்று புதிய ஆட்டிறைச்சி' என்ற பதிவு பௌர்ணமியன்று பூட்டிய கடையின் பெயரில் வெளியாவது உங்களுக்கு அழகா? போயா, ஜூன் 13 அந்தோனியார் திருநாள், ஆடிவேல் எல்லாவற்றையும் கையால் ஒருமுறை ஏற்றிவிடுங்கள்.

கே: எங்கள் பக்கத்தை நடத்திய தம்பி கனடாவுக்குப் போய்விட்டார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது.
(பலசரக்குக்கடை, வெள்ளவத்தை)

ப: தம்பிக்கு இரவில் அழைப்பு எடுங்கள், அங்கே பகல். கோபப்படாமல் பேசி, முழு அதிகாரத்தோடு உங்களைப் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த தம்பிக்குப் பதிவு போடும் அதிகாரம் மட்டும் கொடுங்கள். மெட்டா பிஸ்னஸ் சூட்டில் ஆளுக்கு ஆள் அளந்து கொடுக்க முடியும். அடுத்த தம்பியும் விசாவுக்குப் போட்டிருப்பார்.

கே: உயர்தர மாணவர்களுக்கான மாதிரி வினாக்களைப் பரீட்சை முடியும் வரை தினம் ஒன்றாக ஏற்றிவைத்திருக்கிறேன். செயலியில் 'மொத்தமாக ஏற்று' என்ற புதிய வசதி அருமை!
(ரியூஷன் ஆசிரியர், வெள்ளவத்தை)

ப: சேர், முதலில் அந்த வரிசையைத் திறந்து பாருங்கள். பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் தொடங்கிப் பரீட்சை முடியும் வரை ரியூஷன் வகுப்புக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் பரீட்சைகள் திணைக்களம் தடை போடும். துண்டுப்பிரசுரம், பத்திரிகை, சமூக ஊடகம் எல்லாம் அதில் அடக்கம். தடை நள்ளிரவில் தொடங்கும், நீங்கள் நித்திரையாக இருப்பீர்கள், காலை 6 மணிக்கு உங்கள் முகப் படத்தோடு முதலாவது வினா தானாக வெளியேறும். திணைக்களத்துக்கு விடை உடனே தெரிந்துவிடும்.