மாப்ள வாங்குன மாஸி

வா மாப்ள, உக்காரு. முப்பது வருசத்து மாஸி 1035 டிராக்டரை வாங்கிக் களத்துல நிறுத்திருக்கியாமே? ஓட்டிட்டு வரல, கயிறு கட்டித்தான் இழுத்துட்டு வந்தியா? நல்லதுதான், டீசல் மிச்சம்.

புது வண்டி வாங்குறவன் விவரம் கெட்டவன். ஒரே நாள்ல வாங்கி முடிச்சிருறான், அப்புறம் அவனுக்குப் பொழுது போறதில்ல. நீ மொதல்ல வண்டிய வாங்குன. இனி லைனர், பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட்டுன்னு அதே வண்டிய டீலர் கடையில சில்லறையா வாங்கிட்டே இருக்கலாம். உன் பொஞ்சாதி ராப்பகலா நைட்டி தைக்குறா, அந்தக் காசும் வீட்டுல சும்மாதானே கெடக்கு.

ஒண்ணுல தப்பிச்ச. உன் சித்தப்பன் மாதிரி எச்எம்டி வாங்கல. செக்கோஸ்லோவாகியா செட்டார்காரனோட சேந்து 1971ல பிஞ்சோர்ல ஆரம்பிச்ச வண்டி. இரும்புல குறை சொல்ல முடியாது. 2016ல அரசாங்கம் அந்த டிராக்டர் பிரிவையே மூட முடிவு பண்ணிருச்சு. இப்ப ஒரு கியர் ஒடைஞ்சா உன் சித்தப்பன் காயலான் கடை காயலான் கடையா அலையுறான். விலைய ஏத்திட்டான்னு திட்டக்கூட அவனுக்கு ஒரு டீலர் இல்ல, பாவம்.

உனக்கு ஆள் இருக்கு. மாஸி செய்யுற டாஃபே 1960லருந்து மெட்ராஸ்ல இருக்கான். ஆனா நீ கவுண்டர்ல போயி, "எல்லாச் சாமானும் குடுங்க"ன்னு நிப்பியே, அதான் வயித்தக் கலக்குது. உன் வண்டி எஞ்சின் சிம்சன், பம்பு மைக்கோ. எஞ்சின் சாமான் ஒரு கடை, பம்புக்கு ஒரு கடைன்னு ரெண்டு எடத்துல விலை கேளு. ஒரே சாமானுக்குப் பெட்டி மாறுனா விலையும் மாறும். பழைய சாமானத் தொடச்சு, அதுல அடிச்சிருக்க நம்பரோட கையில எடுத்துட்டுப் போ.

கிராங்கைக் கழட்டும்போது பட்டறைய விட்டு டீக்கடைக்குப் போயிராத. பேரிங் செல்லை எடுத்து முதுகத் திருப்பிப் பாரு. 010ன்னு இருந்தா கிராங்கை ஒரு தரம் கடைஞ்சாச்சு, 020ன்னா இன்னும் தேச்சாச்சு. 030ன்னு இருந்தா, வித்தவன் ஏன் அம்புட்டு பாசமா காப்பி வாங்கிக் குடுத்தான்னு வெளங்கும்.

2025 செப்டம்பர் 22லருந்து டிராக்டர் பின் டயருக்கும் சில சாமானுக்கும் ஜிஎஸ்டி 18லருந்து 5 சதவீதம் ஆயிருச்சு. எவனாவது "அண்ணாச்சி, இது பழைய ஸ்டாக்"கும்பான். பழைய வண்டிக்குப் பழைய வரிதான் பொருத்தம்னு நீயும் குடுத்துட்டு வந்துராத. பில்லே வேண்டாம்னா இன்னும் கொறைக்கிறேன்னு ஆசை காட்டுவான். மறுவாரமே சாமான் சண்டித்தனம் பண்ணுனா மாத்திக் கேக்கக் காகிதம் வேணும்ல?

அது சரி, எஞ்சின் இன்னும் பிரிக்கவே இல்ல, அதுக்குள்ள செவப்பு பெயிண்ட் டப்பா வாங்கிட்டியாமே? முன்னால "அய்யனார் துணை"ன்னு எழுத ஆளும் சொல்லியாச்சா? எழுது, எழுது. ஸ்டார்ட் ஆகுற வரைக்கும் அவரு பாத்துக்கிடட்டும்.