அமாவாசையில் தேனிலவு
கேள்வி – பதில்

முகூர்த்த சீசன் தொடங்கிவிட்டது. இந்த வாரக் கடிதங்களில் பாதி அந்தமானைப் பற்றியவை.

கேள்வி: தை மாதம் கல்யாணம். தேனிலவுக்கு அந்தமான் சரிப்படுமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தாராளமாக. தையும் மாசியும் அங்கே மழை விட்டு, கடல் அடங்கியிருக்கும் மாதங்கள்.

கேள்வி: எங்களுக்கு வைகாசியில்தான் மண்டபம் கிடைத்தது. அடுத்த வாரமே கிளம்பலாமா? (சேலம் வாசகி)

பதில்: மண்டபம் கிடைத்ததற்கு வாழ்த்து. ஆனால் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கால் வைப்பதற்கு முன்பே, மே 20-ஐ ஒட்டி, அந்தமானுக்கு வந்துவிடுகிறது. காற்று கிளம்பினால் தீவுகளுக்கு இடையிலான கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கத்துக்கு அந்தமான் வானிலையின் பரிபூரண ஆதரவு உண்டு. டிக்கெட்டைத் தைக்குப் போடுங்கள். ஜோடி அதேதான், கடல்தான் வேறு.

கேள்வி: ஐந்து நாளில் ஏழு தீவு, பத்து கடற்கரை என்று ஏஜென்ட் திட்டம் கொடுத்திருக்கிறார். சரியா? (கரூர் மாப்பிள்ளை)

பதில்: இது தேனிலவா, தேர்தல் பிரசாரமா? இரண்டு தீவு போதும். ஹேவ்லாக், நீல் என்று எல்லோரும் இன்னமும் சொல்லும் இவற்றுக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு, ஷகீத் தீவு என்று பெயர்.

அந்தமானில் கடிகாரத்தை நம்பக் கூடாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தமான் அதற்குப் பத்து டிகிரி கிழக்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். ஆக, அந்த ரேகையில் உள்ள ஊர்களைவிட நாற்பது நிமிடம் முன்னதாகவே சூரியன் வந்து, முன்னதாகவே போய்விடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து, இட்லி தேடி, பதினொரு மணிக்குக் கிளம்பும் தம்பதிக்குப் பாதி நாள் போச்சு. ஸ்வராஜ் தீவில் காலாபத்தர் கிழக்குக் கரை, உதயத்துக்கு. ராதாநகர் மேற்குக் கரை, அஸ்தமனத்துக்கு. ‘டைம்’ பத்திரிகை 2004-லேயே ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று புகழ்ந்த இடம் ராதாநகர். நான்கு மணிக்கே மணலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

அடுத்து, இந்தப் பகுதி விடாமல் சொல்லிவரும் சங்கதி: பஞ்சாங்கம் பாருங்கள்! முகூர்த்தத்துக்குப் பார்த்ததைப் பரணில் போட்டுவிடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். ஷகீத் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரத்தில்தான் கிட்டே போய்ப் பார்க்க முடியும். அமாவாசை இருட்டில் ஸ்வராஜ் தீவின் சதுப்புக்காட்டு ஓரம் துடுப்புப் படகில் போனால், தண்ணீரைக் கையால் அளைந்த இடமெல்லாம் நீலமாக மின்னுவதைப் பார்க்கும் அதிர்ஷ்டம் வாய்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளின் வேலை அது. பௌர்ணமி நிலவொளியில் அது எடுபடாது. ஊரில் நல்ல காரியத்துக்குத் தள்ளிவைக்கும் இரவை இங்கே தேடிப்பிடித்து அறை போட வேண்டும். ஏழு தீவுக்கு ஓடுகிறவர்களுக்கு இதில் எதற்குமே நேரம் இருக்காது.

கேள்வி: அங்கே சிக்னல் கிடைக்குமா? அம்மா தினமும் பேச வேண்டும் என்கிறார். (மதுரை வாசகி)

பதில்: கிடைக்கும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலுக்கடியில் கேபிள் போட்டுத் திறந்துவிட்டார்கள். ஸ்வராஜ் தீவுக்கும் இணைப்பு உண்டு. காலையில் ஒருமுறை அம்மாவிடம் ஆசை தீரப் பேசிவிட்டு, போனை அறையில் வைத்துப் பூட்டுங்கள்.

கேள்வி: ஞாபகார்த்தமாகப் பவளப்பாறைத் துண்டு எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. சட்டப்படி குற்றம்.

கேள்வி: நீச்சல் தெரியாது. ஸ்கூபா டைவிங் செய்யலாமா? (ஈரோடு தம்பதி)

பதில்: செய்யலாம். முதல்முறை இறங்குபவரைப் பயிற்சியாளர் கூடவே கூட்டிப்போவார். பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் போக மாட்டார்கள். ஆஸ்துமா, காது, இதயக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மேலே வந்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாகி ஆபத்தாகலாம். கடைசி நாள் காலையில் டைவிங், மதியம் விமானம் என்று யார் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பாராடங் போகும் வழியில் ஜாரவா பழங்குடிகளைப் பார்க்கலாமாமே? (கோவை வாசகர்)

பதில்: அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அந்தச் சாலை அவர்களுடைய காட்டை ஊடறுத்துப் போகிறது. அதனால்தான் வண்டிகளைக் காவலோடு வரிசையாக அனுப்புகிறார்கள். வழியில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் தின்பண்டம் கொடுப்பதும் குற்றம். சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்ன வீடியோ 2012-ல் வெளியாகி நாடே தலைகுனிந்தது. அவர்கள் மொத்தமே சில நூறு பேர். 1999-ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான நோய், அவர்களுக்குப் பேராபத்து. அது அவர்களுடைய வீடு. புதுமணத் தம்பதியின் வேடிக்கைக்கான இடமல்ல. பாராடங்கின் சுண்ணாம்புக் குகையைப் பார்க்காததால் எந்தத் தேனிலவும் குறைந்துவிடாது. தயவுசெய்து அந்த ஒருநாள் பயணத்தை உங்கள் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள்.