வெள்ளம் வரும் வழி

கேரளத்தில், எங்கள் பக்கத்தில், மழைக்கு நிறம் உண்டு. ஒரே நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டும் என்றால் மஞ்சள், 115.6-ஐத் தொடும் என்றால் ஆரஞ்சு, 204.4-க்கும் மேல் என்றால் சிவப்பு. டிவியில் மஞ்சள் வந்தால் எங்கள் ஊரான அதியன்னூரில் யாரும் குடையைக்கூடத் தேடுவதில்லை. ஆரஞ்சு வந்தால் பிள்ளைகள் கலெக்டரின் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போய் லீவு கேட்பார்கள். சிவப்பு வந்தால் மாமா வருவார்.

அம்மாவின் அண்ணன், ரிட்டயர்டு ஓவர்சியர். 2021 நவம்பரில், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையில், நாகர்கோவில் - திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. நெய்யாற்றின்கரை மூன்றுகல்லின்மூட்டில் பாலத்தின் ஓரம் இடிந்தது. நெய்யாறு அணையில் மதகுகளை உயர்த்தினார்கள். மாமா அதற்கு முன்பே எங்கள் தலைவாசலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

"அரைச்சாக்குதான் நெறைக்கணும், கேட்டியா? முழுச்சாக்கு உருண்டு நிக்கும், எடையில வெள்ளம் பூந்துரும்." தார்ப்பாயை விரித்து, சாக்கின் வாயை அடியில் மடித்து, செங்கல் வைப்பதுபோல இணைப்பு மாற்றி மாற்றி அடுக்கினார். குறை சொல்ல முடியாத வேலை. இடுப்புயரச் சுவர் எழும்பியதும் அதன்மேல் சாய்ந்து நின்று கட்டஞ்சாயா கேட்டார்.

சாயா போடப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பினாள். "அண்ணா, நீங்க முன்வாசலப் பாத்துட்டு நில்லுங்க. அது கக்கூஸ் வழியா வந்தாச்சு."

வெளியே நீர்மட்டம் ஏறினால் செப்டிக் டேங்க் நிறையும். குழாயில் வந்த பாதையிலேயே எல்லாம் திரும்பும். அந்தக் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருந்தால் போதும். அவசரத்துக்கு ஒரு மணல் மூட்டையைக் கிளாசெட்டுக்குள் இறக்கி, குளிமுறி ஓட்டையைத் துணியால் அடைத்தாலும் கொஞ்சம் தாங்கும். மாமாவின் சுவரோ கடைசிவரை ஒழுகவில்லை. உள்ளே வந்த தண்ணீரை ஒரு சொட்டும் வெளியே விடவில்லை. வாளி வாளியாக அதன் தலைக்கு மேலே தூக்கித்தான் ஊற்றினோம். காலி கேஸ் சிலிண்டர் அடுக்களையில் மிதந்து எங்களை மேற்பார்வை பார்த்தது.

தாத்தாவின் பழைய வீட்டுக்குள் தண்ணீர் போனதாக யாருக்கும் நினைவில்லை. ஐந்து படி ஏறித்தான் திண்ணை. எங்கள் வீடு கட்டும்போது கார் நேராக உள்ளே ஏற வேண்டும் என்று குடும்பமே ஒருமனதாகத் தீர்மானித்து, தளத்தை ரோட்டு மட்டத்தில் வைத்தது. ரோடு அங்கேயே நிற்குமா? பழைய தாரைச் சுரண்டாமல் புதிய தாரை மேலே மேலே போட்டு அது வளர்ந்துகொண்டே போகிறது. பக்கத்து வீட்டுச் சேட்டன் லோடு லோடாகச் செம்மண் அடித்துத் தன் முற்றத்தை உயர்த்தினார். அவர் வீட்டுத் தண்ணீர் எங்களிடம் வந்தது. நாங்கள் உயர்த்தினோம்; அது கீழ்வீட்டுக்குப் போனது. கீழ்வீட்டுக்காரர் இப்போது லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்.

முன்பு இந்தத் தண்ணீரெல்லாம் ஏலா என்கிற வயல்வெளியில் போய் நின்று, தோடு என்கிற ஓடையில் இறங்கி, நெய்யாறு வழியாகப் பூவாறில் கடலைச் சேரும். வயலை மண்ணிட்டு மூடக்கூடாது என்று கேரளத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஏலா எப்படி வாழைத்தோட்டமாகி, வாழைத்தோட்டம் எப்படி வீட்டுமனையாகிறது என்பது தனிக் கலை.

2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் பலர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள். மாமாவுக்கும் அந்த யோசனை உண்டு. எங்கள் வீட்டை வைத்துச் செய்து பார்க்க ஆசைப்படுகிறார். அம்மா, பிளக் பாயிண்டுகளை நெஞ்சுயரத்துக்கு ஏற்றினால் போதும் என்கிறாள். நான் 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா காப்பீட்டை எடுத்துவிட்டேன். வெள்ளமும் அதில் அடங்கும். மூன்றில் உருப்படியானது அம்மா சொன்னதுதான். ஒயர்மேன் வந்துவிட்டுப் போனார்.

நீங்களும் செம்மண் லாரிக்குச் சொல்லும் முன், உங்கள் முற்றத்துத் தண்ணீர் எந்தத் தோட்டில் போய் விழுகிறது என்று பின்னாலேயே நடந்து பாருங்கள். அந்தத் தோட்டில் கோழிக்கடைக் கழிவும் பிளாஸ்டிக்கும் அடைத்திருந்தால், துலாம் மாதம் பிறப்பதற்குள் வார்டு மெம்பரைப் பிடித்து வாரச் சொல்லுங்கள். பிறந்த பிறகு அவர் கிடைக்க மாட்டார்; அவர் வீட்டிலும் வாளியோடு நிற்பார்கள்.